கொண்டாப்பூர் உக்கிராணம்

தங்கத்துக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அதை அவள் ஒளித்து வைத்ததில்லை. ஒளித்து வைக்கக்கூடிய அளவிலும் அது இல்லை.

கொண்டாப்பூரில் அவள் வேலை பார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் வரிசை நடத்தும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. சீட்டு அச்சடிக்க ஒரு மாட்யூல், திரையில் எண் காட்ட ஒரு மாட்யூல், ஒலிபெருக்கியில் பேர் கூப்பிட ஒரு மாட்யூல் என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து கடைசியில் ஒன்றாக இணைப்பார்கள். நடுநாயகமாக, அடுத்தது யார் என்று தீர்மானிக்கிற மாட்யூல் தங்கம் எழுதியது. ‘வரிசை’ என்று தமிழிலேயே அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

“இந்த ஊர்ல பாதி ஜனம் நான் சொன்னாத்தான் எழுந்து டாக்டர்கிட்ட போகுது. மந்திரியா இருந்தாலும் என்னைத் தாண்டி ஊசி போட்டுக்க முடியாது” என்பாள்.

ஒரு மந்திரி அப்படிக் காத்திருந்து, காய்ச்சல் தானாகவே குணமாகி, ஊசி போடாமலே வீட்டுக்குப் போய்விட்டதாக அவள் கணவன் தியாகு சொல்வதுண்டு. தியாகு ரயில்வேயில் இருக்கிறான். காத்திருப்பது பற்றி ரயில்வேக்காரன் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

இந்தத் தொழிலில் யாரும் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒன்று, எண்ணை அடுக்க ஒன்று என்று உலகத்தில் எவனாவது எழுதி இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருப்பான். அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். எடுத்து நம் மாட்யூலில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சங்கடம் என்னவென்றால் எந்தப் பேக்கேஜும் தனியாக வராது. அழைப்பிதழில் ‘குடும்ப சமேதராய்’ என்று போட்டிருப்பதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்கிற உறவினர் மாதிரி, தான் நம்பியிருக்கிற வேறு பேக்கேஜுகளையும், அவை நம்பியிருக்கிறவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். டீமில் இருந்த ஷ்யாம் எதைப் பார்த்தாலும் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொள்கிறவன். அவன் லேப்டாப் பையோடு நுழைந்ததும் ஆபீஸ் லிஃப்ட் ‘அதிக பாரம்’ என்று நின்றுவிட்டது. பையை வெளியே வைத்ததும் புறப்பட்டது. லிஃப்ட் மெக்கானிக் வந்து பார்த்து, லிஃப்டில் கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கம் இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் உக்கிராணம் என்று ஓர் அறை உண்டு. அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் முதலிலேயே வந்து அங்கே இறங்கிவிடும். சாவி ஒரே ஆளிடம். சமையல்காரர் கடைத்தெருவுக்கு ஓட வேண்டியதில்லை. கடைக்காரன் கதவடைத்தாலும் பந்தி நிற்காது. செகந்திராபாத் தமிழர் கல்யாணங்களில் அந்தச் சாவி பரம்பரையாகத் தங்கத்தின் வீட்டாரிடம் இருந்தது. அவள் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தாள். தன் மேஜைக்கடியில் ஒரு பழைய மிஷினை வைத்து, வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு பேக்கேஜையும் சோதித்து, எந்தப் பதிப்பு ஒத்துப்போகிறதோ அந்தப் பதிப்பின் நகலை அதில் சேமித்தாள். கம்பெனியில் யார் எதைக் கட்டினாலும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். தெலுங்குக்காரர்கள்கூட அதை உக்கிராணம் என்றே சொன்னார்கள். அதன் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தால், விமானம் இறங்குகிறது என்று நினைத்து மீட்டிங்கில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

யாராவது புதுப் பேக்கேஜ் கேட்டு வந்தால் பெண் பார்க்க வந்த மாதிரி விசாரிப்பாள். “எழுதினது யாரு? கூட யார் யார் வர்றாங்க? எழுதினவன் உயிரோட இருக்கானா, பாதியில விட்டுட்டுப் போயிட்டானா?”

இந்த விசாரணை பிடிக்காதவன் ராகேஷ். கோயம்புத்தூரிலிருந்து வந்து டீமுக்குத் தலைவனானவன். மரியாதை தெரிந்தவன், வேகம் பிடித்தவன்.

“ஏனுங்க்கா, உலகத்துச் சாமானெல்லாம் இன்டர்நெட்டுல கெடக்குது. வேணுங்கறப்போ எடுத்துக்கலாம். இத எதுக்குங்க மூட்டை கட்டி வெச்சிருக்கறீங்க?”

“கடை இருக்குன்னு வீட்ல அரிசி வாங்காம இருப்பியா நீ?”

“நான் ஸ்விக்கியிலதானுங்க்கா சாப்படறேன்.”

தசராவுக்கு ஒரு வாரம் முன்பு ராகேஷ் உக்கிராணத்தோடு இருந்த இணைப்பைத் துண்டித்தான். எல்லாரும் நேராக இன்டர்நெட்டிலிருந்தே எடுக்கலானார்கள். அத்தோடு நிற்கவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி வரிசை நடத்தும் மாட்யூலை ஆயத்தமாகவே விற்கிறது, அதை வாங்கிவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தான். மேலிடம் தங்கத்துக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது. செகந்திராபாத்தில் புது ஆஸ்பத்திரி கட்டியிருந்த அனந்தகிருஷ்ணன், விஜயதசமி அன்று காலை கம்பெனிக்குத் தானே வந்து முதல் டோக்கனைத் தட்டுவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு ‘வரிசை’ ஓடினால் இருக்கட்டும். ஓடாவிட்டால் பெங்களூர் வரும். தங்கத்தின் மாட்யூலும் மேஜைக்கடி மிஷினும் காயலான் கடைக்குப் போகும்.

“ஓடும்” என்றாள் தங்கம்.

சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் ஆபீஸ் முழுக்கச் சுத்தம் செய்தார்கள். மேஜை துடைத்தார்கள், ஒட்டடை அடித்தார்கள். ஷ்யாமுக்கு ஒட்டடைக் கம்பு கிடைக்கவில்லை. அவன் மல்காஜ்கிரிப் பையன். வீட்டில் பூஜைக்கு முன் பழசையெல்லாம் கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். ஆகவே உக்கிராணம் தவிர எல்லா மிஷின்களிலும் இறக்கி வைத்திருந்த பழைய பேக்கேஜுகளைக் கழித்தான். எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் ஒரு கோப்பு உண்டு. பார்க்க மிஷின் கிறுக்கியது போல இருக்கும். குப்பை என்று அதையும் கழித்தான். பண்டிகைக்கு எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

மறுநாள் பூஜை. எல்லாக் கம்ப்யூட்டரையும் பூஜையில் வைத்துவிட்டால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். அதனால் வருஷாவருஷம் பிரதிநிதியாக ஒன்றை வைப்பார்கள். வைத்ததை விஜயதசமி காலையில் மறுபூஜை செய்யும்வரை தொடுவதில்லை. இந்த வருஷம் எதை வைப்பது என்று பேச்சு வந்தபோது ராகேஷ்தான் சொன்னான்: “அந்த உக்கிராணத்தையே வெச்சிருங்க. அதத்தான் யாரும் தொடறதில்லீங்களே.”

தங்கத்தின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மிஷினை மேஜைக்கடியிலிருந்து தானே எடுத்து, கேபிளைக் கழற்றி, துடைத்து, இலை போட்டு அதன்மேல் வைத்தாள். ராகேஷ் டீம் தலைவன் என்ற முறையில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்திக் கற்பூரம் காட்டினான். குங்குமத்தில் அவன் கை தாராளமானது. மின்விசிறிக் கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று.

சுண்டல் கிண்ணம் கையில் இருக்கும்போதே ஷ்யாம் பில்டைத் தட்டினான். எல்லா மாட்யூலையும் பேக்கேஜையும் சேர்த்து ஓடும்படி கட்டுவதுதான் பில்டு. புது ஆஸ்பத்திரிக்கென்று நிறைய மாற்றியிருந்ததால் பழைய கட்டு உதவாது. புதிதாகக் கட்டினால்தான் உண்டு.

திரை சிவப்பாயிற்று.

“மேடம், அந்தா போயிந்தி” என்றான் ஷ்யாம். ‘எல்லாம் போச்சு’ என்பதை அவனுக்குத் தெலுங்கில்தான் சொல்ல வரும்.

குறிப்புக் கோப்பு இல்லாததால் எல்லாப் பேக்கேஜும் அன்றைய தேதியில் உள்ள ஆகப் புதிய பதிப்பாக வந்து இறங்கியிருந்தது. புதியவற்றுக்குள் ஒற்றுமை இல்லை. தேதிப் பேக்கேஜ் ஓர் அடிப்படைப் பேக்கேஜின் புதுப்பதிப்பு இருந்தால்தான் உட்காருவேன் என்றது. அச்சுப் பேக்கேஜ் அதே அடிப்படையின் பழைய பதிப்பு இல்லாவிட்டால் எழுந்து போவேன் என்றது. பெரிய சம்பந்தியும் சின்ன சம்பந்தியும் ஒரே பந்தியில் உட்கார மறுத்த கதைதான்.

ராகேஷ் கெட்டிக்காரன். கோடின் பழைய பிரதிகளிலிருந்து அந்தக் குறிப்புக் கோப்பை மீட்டான். பதிப்பெல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர. டோக்கன் எண்களை அடுக்குகிற பேக்கேஜ் இன்டர்நெட்டிலேயே இல்லை. அதை எழுதியவர் ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர். யாரோடோ மனஸ்தாபம் வந்து, தான் எழுதியதையெல்லாம் அந்த வாரம் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆடு வளர்க்கப் போய்விட்டார். ஆடுகள் புகைப்படத்தில் சந்தோஷமாக இருந்தன. ராகேஷ் அவருக்கு மின்னஞ்சல் போட்டான். ஆடுகள் பனிக்காலத்துக்கு முன் குட்டி போடப் போகின்றன, அப்புறம் பேசலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அந்தப் பேக்கேஜ் இல்லாவிட்டால் A2 காத்திருக்க, A10 முதலில் உள்ளே போகும். செகந்திராபாத்தில் அப்படிச் செய்தால் டாக்டருக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். பதிலுக்கு வேறொன்றைப் போட்டுப் பார்த்தார்கள். அது தன் உறவினரை அழைத்து வந்தது, அவர்கள் மறுபடி தேதிப் பேக்கேஜோடு சண்டைக்குப் போனார்கள். மதியம் தாண்டியது. ஒவ்வொருவர் பார்வையாகத் திரும்பி இலைமேல் மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்த மிஷின்மேல் போய் நின்றது.

அதன் எதிரே ஒரு நாற்காலி போட்டுத் தங்கம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அதுல அந்தப் பேக்கேஜ் இருக்குமுங்களா?”

“இருக்கும். ஆறு வருஷமா இருக்கு.”

“எடுத்துக்கலாமுங்களா?”

“நக்கோ. வேணாம்.”

“நாந்தானுங்க்கா பூஜை பண்ணுனேன். நானே எடுத்துக்கறேன். சாமி ஒண்ணும் சொல்லாதுங்க.”

“சாமி சொல்லாது. நான் சொல்வேன்.” கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நீ வெச்சது மிஷின் இல்ல ராகேஷ், என் உழைப்பு. வெக்கறப்ப குப்பைன்னு நெனச்சு வெச்சே. எடுக்கறப்ப சாமான்னு நெனச்சு எடுக்கணும். அதுக்கு ஒரு ராத்திரியாவது ஆகும்.”

“நாளைக்குக் காலையில ஓடலைன்னா பெங்களூர்க்காரன் வந்துருவானுங்க்கா.”

“ஹவ், ஆமா, வருவான். போகப் போறது என்னோடதுதானே. உனக்கு எதுக்கு இவ்ளோ பதட்டம்?”

அவள் சொன்னது உண்மை. நஷ்டம் முழுக்க அவளுடையது, அவள்தான் அசையவில்லை. ராகேஷ் அன்றுதான் அந்த மிஷினை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மல்காஜ்கிரி வீட்டில் தங்கம் நடந்ததையெல்லாம் தியாகுவிடம் சொன்னாள். எவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள் என்பதை நாற்காலி போட்டு உட்கார்ந்தே காட்டினாள். தியாகு ரசித்துக் கேட்டான். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

“உக்கிராணத்துல கடைசியா எப்பச் சாமான் ஏத்தினே?”

தங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஒரு வாரமாக இணைப்பே இல்லை. அந்த ஒரு வாரத்தில் யாராவது புதிதாக எதையாவது சேர்த்திருந்தால் அது உள்ளே இருக்காது. சேர்க்கக்கூடிய ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் பேர் ஷ்யாம்.

“என்ன, சாவி இருக்கு, வெல்லம் இல்லியா?” என்றான் தியாகு.

“வாயை மூடிட்டு டீயைக் குடிங்க.”

அவனுக்குத் தெரிந்துவிட்டது. மேற்கொண்டு கிண்டல் செய்யாமல் இரண்டு பேருக்கும் அவனே தோசை வார்த்தான். தங்கத்துக்கு முதல் தடவையாகத் தன் அபிப்பிராயத்தின்மேல் ஒரு சந்தேகம் வந்தது. தோசைக்குத் தொட்டுக்கொள்ள அது நன்றாக இல்லை.

விஜயதசமி காலை ராகேஷ் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தான். மறுபூஜையில், வைத்த பொருளை வடக்கே ஒரு துளி நகர்த்த வேண்டும். அதற்குப் பிறகு எடுத்துப் புழங்கலாம். வடக்கு எது என்பதில் சிக்கல் வந்தது. ராகேஷின் போன் ஜன்னல் பக்கம் காட்டியது. ஷ்யாமின் போன் பாத்ரூம் பக்கம் காட்டியது.

“மியாப்பூர் எந்தப் பக்கம்?” என்றாள் தங்கம்.

இரண்டு பேரும் ஜன்னலைக் காட்டினார்கள்.

“அதான் வடக்கு. நகத்து.”

ராகேஷ் மிஷினை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற குழந்தையை நகர்த்துகிறவன் போல ஓர் அரிசி அகலம் நகர்த்தினான். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். தங்கத்துக்கு அது போதுமாக இருந்தது. இன்டர்நெட் கேபிளை மட்டும் செருக வேண்டாம் என்றாள். வெளியே எட்டிப் பார்த்தால் மறுபடி புதுப்பதிப்பு எதையாவது கூட்டிக்கொண்டு வரும். ஷ்யாம் பென் டிரைவில் கோடைக் கொண்டுவந்து போட்டான். பில்டைத் தட்டினாள்.

விமானம் இறங்குகிற சத்தம் எழுந்தது. குங்குமம் ஒரு மேகமாகக் கிளம்பியது. தேதிப் பேக்கேஜ் உட்கார்ந்தது, அச்சுப் பேக்கேஜ் உட்கார்ந்தது, ஆடு வளர்க்கப் போனவரின் பேக்கேஜ் தன் சொந்தக்காரரின் கோபதாபம் எதுவும் அறியாமல் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. ராகேஷ் மூச்சு விடப் போனான். அப்போது திரை நின்றது. ஒன்று இல்லை என்றது.

“இது எப்ப வந்துச்சு?” தங்கம் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“லாஸ்ட் வீக், மேடம்” என்றான் ஷ்யாம். குரல் மேஜைக்கடியிலிருந்து வருவது போல இருந்தது.

“என்ன பண்ணும் இது?”

“ஸ்கிரீன்ல ஒரு லைன் ஒயிட், அடுத்த லைன் ப்ளூ. மாத்தி மாத்தி வரும் மேடம்.”

“அவ்ளோதானா? கூட யார் யார் வர்றாங்க?”

ஷ்யாம் பட்டியலைத் திறந்து காட்டினான். அது கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. வானவில்லுக்கு வேண்டிய சாமானெல்லாம் அதில் இருந்தது. தங்கம் பார்த்தாள்.

“லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு இப்பத் தெரியுது” என்றாள்.

அந்தப் பேக்கேஜின் பெயரை அழித்தாள். அதன் இடத்தில் ஒரு வரி எழுதினாள். வரி எண்ணை இரண்டால் வகுத்து, மீதி இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் நீலம். மறுபடி தட்டினாள்.

திரை பச்சையாயிற்று.

யாரும் கை தட்டவில்லை, நேரமில்லை. அனந்தகிருஷ்ணன் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை நேராக மிஷினிடம் அழைத்துப் போனார்கள். அவர் குனிந்து முதல் டோக்கனைத் தட்டினார். மின்விசிறி ஒரு பெருமூச்சு விட்டது. நெற்றியிலும் சட்டையிலும் குங்குமத்தோடு அவர் நிமிர்ந்தார். ராகேஷுக்கு உயிர் போய்த் திரும்பியது.

“மங்களகரமா இருக்கு” என்றார் அனந்தகிருஷ்ணன். சட்டையைத் துடைக்கக்கூட இல்லை.

பெரிய திரையில் டோக்கன்கள் வெள்ளையும் நீலமுமாக இறங்கின. A1, A2, A3. ஒன்பதுக்குப் பிறகு பத்து, ஒழுங்காக. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் ஆஸ்பத்திரியில ஜனங்க இவ்வளவு ஒழுங்கா போய் நான் பார்த்ததே இல்ல.”

“இன்னும் ஜனங்களே வரலீங்க சார்” என்றான் ராகேஷ். அவனுக்குப் பொய் வராது.

“வந்தாலும் இப்படித்தான் போவாங்க” என்றாள் தங்கம். “என் வரிசை சார் அது.”

அவர் திரும்பி அவளைக் கும்பிட்டார். தங்கம் திருப்பிக் கும்பிட்டாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. தனக்கு வருவது முழுதாக வந்து சேரட்டும் என்று.

அவர் போன பிறகு ஷ்யாம் ஜம்மி எனப்படும் வன்னி இலை கொண்டுவந்தான். தசராவன்று இந்த ஊரில் அதைத் தங்கம் என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் கொடுத்து வணங்குவார்கள். ஷ்யாம் கொடுத்தான். ராகேஷும் ஓர் இலை வாங்கி வந்து கொடுத்துக் காலைத் தொட்டான்.

“மிஷினை எங்கீங்க்கா வெக்கறது? பழையபடி உங்க மேஜைக்கடியிலயே இணைச்சிரட்டுங்களா?”

“அங்க வேணாம்.” தங்கம் இலையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். “உன் ரூம்ல ஏசி இருக்கில்ல? அங்க வை. ஜன்னல் பக்கம். வடக்கு.”

பெங்களூர்க்காரர்களுக்கு அன்றே பதில் போயிற்று. உக்கிராணம் இப்போது ராகேஷின் அறையில் இருக்கிறது. அது ஓடும்போது அவனால் போன் பேச முடியாது. புதுப் பேக்கேஜ் கேட்டு யாராவது கதவைத் தட்டினால் அவனே எழுந்து வந்து, “எழுதுனவரு உசுரோட இருக்காருங்களா? ஆடு கீடு வளர்க்கறாருங்களா?” என்று விசாரிக்கிறான். அதன் பிறகுதான் தங்கத்திடம் அனுப்புகிறான். அவளது விசாரணை அங்கே ஆரம்பமாகிறது.

எவ்வளவு துடைத்தும் மின்விசிறியிலிருந்து குங்குமம் போகவில்லை. பில்டு ஓடுகிற நாளில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நெற்றியில் பொட்டோடுதான் வீடு திரும்புகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனியில் தினமும் பூஜை நடக்கிறது போலிருக்கிறது, யாருக்கு என்று கேட்கிறார்கள்.

தங்கம் லேசாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாளே தவிர, மறுப்பதில்லை.